பதினேழாம் ஆளின் கடிதங்கள்

எனக்குச் சர்க்கரை வேண்டாம், ஐயா. மூன்று வருடமாகச் சோளத்தைக் கருக வறுத்துக் கொதிக்கவைத்து, அதைக் காப்பி என்று நம்பிக் குடித்த நாக்கு இது. இப்போது நீங்கள் அசல் காப்பியைக் கொடுத்தால் அதுதான் போலி மாதிரி இருக்கிறது.

இந்த விசாரணையில் நீங்கள் இரண்டு பெயர்களைப் பற்றிக் கேட்கிறீர்கள். டிராம் கண்டக்டர் மெலெசியோ. அவன் மனைவி ருஃபீனா. இருவரும் இறந்துவிட்டார்கள், அதில் என் பங்கு என்ன என்பதுதான் கேள்வி. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. நான் செய்ததெல்லாம் அச்சில் இருக்கிறது. மணிலா முழுக்க விற்ற பத்திரிகையில், மூன்றாம் பக்கத்தில், இடது ஓரத்தில்.

அந்த ஓரத்துக்கு 'மக்கள் குரல்' என்று பெயர். வாசகர் கடிதங்களுக்கான இடம். போருக்கு முன்பு நாளுக்கு முப்பது கடிதம் வரும். பாதி சாக்கடையைப் பற்றி, மீதி பக்கத்து வீட்டுச் சேவலைப் பற்றி. ஜப்பானியர்கள் ஊருக்குள் வந்த மறுவாரமே சாக்கடையும் சேவலும் திருந்திவிட்டன போலிருக்கிறது. ஒரு கடிதம்கூட வரவில்லை.

எங்கள் ஆசிரியர் டொன் ஹிலாரியோனை உங்களுக்குத் தெரியும். அடுத்த அறையில் சாட்சியாக உட்கார்ந்திருக்கிறார் என்று கேள்வி. பெரிய மனிதர். நாற்காலியில் உட்காருவதற்குக்கூட ஒரு முன்னுரை சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். ஜப்பானியர் காலம் முழுக்க 'கிழக்கின் விடியல்' பற்றித் தினமும் ஒன்றரைப் பத்தி தலையங்கம் எழுதினார். அதைப் படித்தவர்கள் மூன்று பேர்: அச்சுக் கோத்தவர், தணிக்கை அதிகாரி, எழுதிய அவர். அமெரிக்கர்கள் திரும்பி வந்தபின் அவர் எழுதிய புதிய தலையங்கத்தை நேற்று பார்த்தேன். கிழக்கு மட்டும் மேற்காகியிருக்கிறது. விடியல் அப்படியே இருக்கிறது.

அவர்தான் ஒரு நாள் என் மேஜைக்கு வந்தார்.

"யூலோ, நாலு மணிக்குள்ள மக்கள் கருத்து வேணும். ஆறு கடிதம்."

"மக்கள் ஒண்ணும் எழுதலையே, டொன்."

"எழுதாம இருக்கிறது மக்களோட தப்பு. அதுக்காக நம்ம பத்திரிகை வெறும் இடம் விடணுமா?"

ஒவ்வொரு கடிதத்துக்கும் பெயரும் விலாசமும் கோப்பில் இருக்க வேண்டும் என்பது தணிக்கைக்காரர்களின் விதி. உயிரோடிருப்பவர்களை இதில் இழுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த அளவுக்கு மனசாட்சி எனக்கு உண்டு; அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய மரண அறிவிப்புகளின் கட்டை எடுத்துப் பிரித்தேன். 1938இல் நிமோனியாவில் போன ஒரு விதவை, ஜப்பானிய மொழி வகுப்புகளுக்கு நன்றி சொல்லி எழுதினாள். கல்லறையில் ஆறு வருடமாகப் படுத்திருந்த ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தெருக்காவல் முறையைப் பாராட்டினார். இப்படி முந்நூறு பேர். புதிய ஆட்சியை அவர்கள் ஒருமனதாக ஆதரித்தார்கள். அவ்வளவு ஒற்றுமையை இந்த நாடு அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் காணவில்லை.

தணிக்கைப் பிரிவில் லெப்டினன்ட் ஹதானோ என்று ஒருவர் இருந்தார். தன் நாட்டில் ஏதோ சின்ன ஊர்ப் பத்திரிகையில் வேலை பார்த்தவர். பேசும்போது பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"உங்க மக்கள் ரொம்ப இனிப்பா இருக்காங்க," என்றார் ஒரு நாள். "எங்க ஊர்ல எந்த வாசகனும் இப்படி இருக்கமாட்டான். கொஞ்சம் முணுமுணுக்கச் சொல்லுங்க. சின்னதா, வாரத்துக்கு ஒண்ணு. அப்பத்தான் மத்ததையும் நம்புவாங்க."

தொழில் தெரிந்தவர் சொன்ன யோசனை. எனக்கு ஒரே ஒரு சிக்கல், முணுமுணுக்க என்னிடம் விஷயம் இல்லை. பத்திரிகை ஊழியர்களுக்குத் தனியாக அரிசி கொடுத்தார்கள். சிப்பாய்கள் என் பத்திரிகைக்காரன் கைப்பட்டையைப் பார்த்து அறையாமல் விட்டுவிடுவார்கள். ஆகவே முணுமுணுப்பை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டியிருந்தது.

மெலெசியோ என் மகளுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தொட்டியில் அவளைக் கையில் ஏந்தியவன். அதனால் எங்களுக்குள் கும்பாரே முறை. ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவோம். கூடப்பிறந்தவனைவிட ஒரு படி மேல் என்று எங்கள் ஊரில் சொல்லிக்கொள்வார்கள். மலாத்தேயிலிருந்து தினமும் அவன் டிராமில்தான் அலுவலகம் போவேன். டிக்கெட் கிழிக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவன் பேசிக்கொண்டே வருவான்.

"சிப்பாய்ங்களுக்குக் குனிஞ்சு குனிஞ்சு பழகிப்போச்சு கும்பாரே. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சிப்பாய், அந்தப் பக்கம் ஒரு சிப்பாய். போறப்ப ரெண்டு, வர்றப்ப ரெண்டு, நாளுக்குப் பன்னெண்டு நடை. நேத்து வீட்டுக்குப் போனா ருஃபீனா கதவத் தெறக்கிறா, அவளுக்கும் குனிஞ்சுட்டேன். 'என்னய்யா தப்புப் பண்ணிட்டு வந்தே?'ன்னு கேக்கிறா."

அடுத்த சனிக்கிழமை இது என் பகுதியில் வந்தது. கீழே 'ரேஷன் வரிசையில் பதினேழாம் ஆள்' என்று கையொப்பம். நான் சேர்த்தது நிறுத்தக்குறிகள் மட்டும்.

ஊர் அவனைக் கொண்டாடியது. சனிக்கிழமைகளில் பத்திரிகை காலை எட்டு மணிக்கே தீர்ந்துபோகும். அரிசி வரிசையில் நின்றவர்கள் முன்னாலிருந்து எண்ணிப் பார்த்து, பதினேழாவதாக நிற்கும் அப்பாவியின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். டொன் ஹிலாரியோன் தன் தலையங்கத்தால்தான் விற்பனை ஏறுகிறது என்று நம்பினார். நானும் மறுக்கவில்லை.

ஒரு நாள் மெலெசியோ என் காதருகே குனிந்தான்.

"இந்தப் பதினேழாம் ஆள் இருக்கானே, என் வாய்க்குள்ள கைய விட்டு எடுக்கிறான்."

"கோபமா?"

"கோபம் என்ன. டிராம் மொத்தமும் என் பேச்ச எனக்கே படிச்சுக் காட்டிச் சிரிக்குது. நானும் புதுசாக் கேக்கிற மாதிரி சிரிக்கிறேன். ஆனா கும்பாரே, வம்பு ஒண்ணும் வராதே?"

"லெப்டினன்ட்டே கேட்டு வாங்கிப் போடறார்."

"அப்பச் சரி. அவருக்கும் சேத்து ஒரு தடவ குனிஞ்சுடறேன்."

வம்பு வந்தது 1944 மே மாதத்தில். 'அரிசியில் வண்டு இருக்கிறதென்று யாரும் குறை சொல்லாதீர்கள். இந்த ஊரில் வயிறு நிறைந்து திரிவது அது ஒன்றுதான்' என்று பதினேழாம் ஆள் எழுதியிருந்தார். ஹதானோ சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். அவருக்கு மேலே இருந்தவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹதானோ என் மேஜைக்கு வந்து பென்சிலைச் சீவ ஆரம்பித்தார்.

"விதிப்படி விலாசம் கோப்புல இருக்கணுமே?"

"இருக்கு."

"நீங்க எழுதலையே?"

என் முகத்தை நேராகப் பார்த்துத்தான் கேட்டார். அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். இரண்டு பத்திரிகைக்காரர்களுக்கு இடையில் நிறையப் பேச வேண்டியதில்லை.

"நான் எழுதல. ஒருத்தர் சொல்லக் கேட்டுப் போட்டது."

இது உண்மை. உங்கள் முன்னால் சொல்வதைப் போலவே அவர் முன்னாலும் உண்மையைத்தான் சொன்னேன்.

முந்நூறு இறந்தவர்களில் ஒருவரைக் கொடுத்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் விலாசத்துக்கு ஆள் போவார்கள். அவர் செத்து ஆறு வருடம் என்று தெரியவரும். பிறகு மற்ற இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரையும் தேடுவார்கள். ஒரு தனி மனிதனுக்காக ஒரு நாட்டின் பொதுக்கருத்தையே சந்தேகத்துக்கு உள்ளாக்குவது நியாயமா? மேலும், வார்த்தைகள் அவனுடையவை. அடுத்தவன் எழுத்தை என்னுடையது என்று நான் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

மலாத்தே, தேவாலயத்துக்குப் பின்தெரு, பச்சைக் கதவு வீடு. தெளிவாக எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்தை அச்சுக் கோப்பவர்கள் எப்போதும் பாராட்டுவார்கள்.

பாலத்தில் வைத்துப் பிடித்தார்கள். சிப்பாய்க்குக் குனிந்திருந்ததால் பின்னால் வந்தவர்களை அவன் பார்க்கவில்லையாம். டிராம், கண்டக்டர் இல்லாமலே போய்ச் சேர்ந்தது. அன்று எல்லோரும் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தார்கள்.

ஆற்றோரக் கோட்டைச் சிறையில் ஒன்பதாம் நாள் இறந்தான். ஹதானோ தானே வந்து சொன்னார், தொப்பியைக் கழற்றிவிட்டு.

"பத்திரிகைல யார் எழுதினதுன்னு கடைசி வரைக்கும் கேட்டிருக்காங்க. தெரியாதுன்னே சொல்லியிருக்கார்."

என் கும்பாரேவிடம் அந்த நாகரிகம் எப்போதும் உண்டு.

இதற்குள் ஊரில் கிசுகிசு கிளம்பிவிட்டது. பதினேழாம் ஆளைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று வரிசைகளில் பேசினார்கள். அவர் நலமாக இருப்பதாக அவரிடமிருந்தே ஒரு கடிதம் வந்தால் தேவலை என்றார் ஹதானோ. வந்தது. வடக்கே மலையில், மரம் அறுக்கும் இடத்தில் மேஸ்திரி வேலையாம். 'இங்கே மரங்களுக்குக் குனிய வேண்டியதில்லை. பழக்கதோஷத்தில் ஒன்றிரண்டுக்குக் குனிந்துவிட்டேன்.' இந்த வரி முழுக்க முழுக்க என்னுடையது. அவன் சொல்லாமலே அவனைப்போல எழுத எனக்கு வந்துவிட்டது என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் ருஃபீனா அலுவலகத்துக்கு வந்தாள்; புருஷன் இறந்ததை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கையில் அந்தக் கடிதத்தை வெட்டி எடுத்து வைத்திருந்தாள்.

"கும்பாரே, இது அவருதான். வேற யாரு இப்படிப் பேசுவா? எங்கேருந்து தபால் வந்துச்சு?"

"இராணுவத் தபால். உறையக் காட்ட அனுமதியில்ல."

"உறைய வச்சு நான் என்ன பண்ணப்போறேன். இத அவர்கிட்டச் சேத்துடுங்க."

நான்காக மடித்த காகிதம். குளிரில் முழங்கால் வீங்குகிறதா, இஞ்சி கிடைக்கிறதா, முன்வாசலில் சேம்பு போட்டிருக்கிறேன், கூரை ஒழுகுகிறது. ஐயா, மூன்று வருடத்தில் என் பகுதிக்கு வந்த ஒரே வாசகர் கடிதம் அது.

பதில் போடாமல் எப்படி இருப்பது? அடுத்த சனிக்கிழமை பதினேழாம் ஆள் முழங்காலுக்கு இஞ்சி அரைத்துப் பூசினார். அதற்கு அடுத்த வாரம் கூரைக்கு எந்த இடத்தில் ஓலை மாற்ற வேண்டும் என்று சொன்னார். அந்த வீட்டுக் கூரை எனக்குத் தெரியும், எத்தனையோ ஞாயிறு அதன் கீழே சாப்பிட்டிருக்கிறேன். ருஃபீனா செவ்வாய் தவறாமல் வந்தாள். படிப்பதில் கெட்டிக்காரி.

"போன வாரத்துக் கடிதம் சரியில்ல கும்பாரே. ஏதோ அவசரத்துல எழுதியிருக்கார். மனசு அதுல இல்ல."

அவள் சொன்னது சரி. அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். அதற்குப் பிறகு வியாழனே உட்கார்ந்துவிடுவேன். நான்கு முறை திருத்தி எழுதுவேன். மொத்தம் முப்பத்தொரு கடிதங்கள். நடுவில் ஹதானோவை வேறு தீவுக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர் எங்கள் பத்திரிகையைச் சுருட்டி ஈ அடிக்கத்தான் பயன்படுத்தினார். கடிதம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் தொடர்ந்தேன். இதைக் கொடுமை என்பீர்கள். செவ்வாய்க்கிழமைகளில் அவள் முகத்தை நீங்கள் பார்த்ததில்லை.

இந்த வருடம் ஜனவரியில் அமெரிக்கர்கள் வடக்கே இறங்கிவிட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. எங்கள் பத்திரிகை அரைத்தாளாகச் சுருங்கி, அதிலும் வெற்றிச் செய்தி வெளியிட்டுக்கொண்டிருந்தது. ஆற்றுக்குத் தெற்கே, மலாத்தே பக்கம், ஜப்பானியர்கள் தெருமுனைகளில் மணல்மூட்டை அடுக்கினார்கள், வீடுகளுக்கு அடியில் வெடி புதைத்தார்கள். என் மனைவியையும் மகளையும் நான் முன்கூட்டியே ஊருக்கு வெளியே புலாகானுக்கு அனுப்பிவிட்டேன். நான் ஆற்றுக்கு வடக்கே, அலுவலகத்திலேயே படுத்துக்கொண்டேன்.

ருஃபீனா கடைசியாக வந்த அன்று வெளியே ஒரு மாட்டுவண்டி நின்றது.

"எங்கண்ணன் வந்திருக்கார். இப்பவே கெளம்புங்கிறார். கடிதத்த நம்பாதேங்கிறார். அவருக்குப் படிக்கவே தெரியாது கும்பாரே, அவர் எப்படிச் சொல்ல முடியும்?" என்று மடித்த காகிதத்தை நீட்டினாள். "இத மட்டும் சீக்கிரம் சேத்துடுங்க. சனிக்கிழமை வரைக்கும் அண்ணன இருக்கச் சொல்றேன்."

அதில் மூன்றே வரி. 'போகட்டுமா, இருக்கட்டுமா? நீங்க வர்றப்ப வீடு பூட்டிக் கெடந்தா எங்க போவீங்க? நீங்க சொல்றபடி செய்றேன்.'

சனிக்கிழமைப் பத்திரிகையில் பதில் இருக்கிறது. உங்கள் கோப்பிலும் இருக்கும். 'போக வேண்டாம். பிப்ரவரி முதல் ஞாயிறன்று வந்துவிடுவேன். கதவைப் பூட்டாதே. கஞ்சி போதும்.'

அவள் அண்ணன் வெறும் வண்டியோடு திரும்பிப் போனான். அடுத்த மாதம் மலாத்தேயில் ஜப்பானியர்கள் வீடு வீடாகக் கொளுத்திக் கொன்றதை நான் சொல்ல வேண்டியதில்லை. படங்கள் உங்கள் மேஜையிலேயே இருக்கின்றன. அந்தத் தெருவில் நின்றுகொண்டிருந்தது ஒரு பச்சைக் கதவு மட்டும்தான் என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. அது பூட்டப்படாமல் இருந்ததை வியப்போடு குறித்திருக்கிறீர்கள். வியப்பு ஒன்றுமில்லை. அவள் சொன்னபடி செய்கிறவள்.

அந்தக் கடிதத்துக்கு உத்தரவிட்டது யார் என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். மற்றதற்கெல்லாம் யார் பக்கமாவது கையைக் காட்டிவிடலாம். டொன் கேட்டார், ஹதானோ கேட்டார், விதி கேட்டது. இதை யாரும் கேட்கவில்லை. அவள் அண்ணனோடு போயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். 'போய் வா' என்றும் ஒரு வடிவம் எழுதிப் பார்த்தேன். அதுவும் நன்றாகவே வந்திருந்தது. வெகுநேரம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, 'போய் வா'வை மட்டும் கிழித்துப் போட்டேன்.

டொன் ஹிலாரியோனுக்காவது மூன்று வாசகர்கள் இருந்தார்கள். எனக்கு இருந்தது அவள் ஒருத்தி. தன்னுடைய ஒரே வாசகியை எந்த எழுத்தாளன் ஊரைவிட்டுப் போகச் சொல்வான், ஐயா?