வெள்ளையனுக்கு யப்பான் டிஸ்க்

முல்லைத்தீவிலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னாலிருந்த இளம்பெண் கைப்பேசியில் கத்திக்கொண்டு வந்தாள்.

“வெள்ளையனுக்கு ரெண்டு டிஸ்க்கும் தேஞ்சு போச்சு. மாத்தாமல் வெளியிலை விடமாட்டினமாம்.”

அவள் பேசி முடித்ததும், அவளுக்குப் பக்கத்திலிருந்த வயதான அம்மா ஒருவர் தன் இடுப்பைப் பிடித்தபடி அவள் பக்கம் திரும்பினார்.

“வெள்ளையனுக்கு என்ன நடந்தது பிள்ளை?”

“கொக்கிளாயிலை உப்புக்காத்து அன்ரி. மீன் பெட்டியளும் சுமந்தவன்.”

“ஓம், பாரம் தூக்கினால் டிஸ்க் போகும்தான்.”

“ஒருக்காக் கடைஞ்சும் பாத்தவை. இப்ப மெல்லிசாப் போச்சு, இனிக் கடைய ஏலாதாம்.”

“கடைஞ்சவையோ! தாங்கினானோ?”

“கொஞ்ச நாள் தாங்கினவன். மலிஞ்சதைப் போட்டால் திரும்பவும் தேஞ்சிடும். அதுதான் யப்பான் டிஸ்க் எடுக்கப்போறன். கனகாலம் நிண்டு பிடிக்கும்.”

“எடு பிள்ளை, காசைப் பாக்காதை. இப்ப எழும்பி நடக்கிறானோ?”

“ஓடுறான் அன்ரி. நிக்கத்தான் மாட்டானாம்.”

அம்மாவின் கை இடுப்பிலிருந்து நழுவியது.

“ஓடுறானோ! எனக்கு டிஸ்க் விலத்தினதிலை இருந்து கதிரையாலை எழும்பவே ஏலாது. ஆரிட்டைக் காட்டினனீங்கள்?”

“முரசுமோட்டைக் கராச்சிலை. வெள்ளையன் எங்கடை கார் அன்ரி! பிரேக் பாட் தேஞ்சு டிஸ்க்கையும் திண்டிட்டுது. அந்த பிரேக் டிஸ்க்கைத்தான் லேத் மெசினிலை கடைஞ்சவை.”

பஸ்ஸில் பாதிப்பேர் சிரித்தார்கள். அம்மாதான் அதிகம் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தார்.

“கராச்சிலை என்ரை இடுப்பையும் ஒருக்காக் கேள் பிள்ளை. கடையிற வேலை மட்டும் வேண்டாம். நேரா யப்பானையே போடச்சொல்லு.”