பிரிக்கக் கூடாத கூறைப்புடவை

“ஹலோ… வேலூரா?… அத்தை, நான் கமலாட்சி, காஞ்சிபுரத்துலேர்ந்து… இருக்கேன், இருக்கேன். நாளைக்குக் காலையில ஆறு மணிக்குத்தானே முகூர்த்தம்?… அப்ப இன்னும் பதினாறு மணி நேரம் இருக்குது. அத்தை, அண்ணன் நெய்து அனுப்பிச்ச கூறைப்பொடவையை ரேணுகா கட்ட வேணாம்.”

1963, மாசி மாதம். தபால் ஆபீசில் டிரங்க் காலுக்காக அவள் பின்னால் நாலு பேர் நின்றார்கள். எல்லோரும் சின்ன காஞ்சிபுரத்துக்காரர்கள், முகம் தெரிந்தவர்கள்.

“இல்ல அத்தை, கலர் நல்லாத்தான் இருக்குது… ஜரிகையும் சுத்தம்தான்… பொறாமையா? எனக்கா?… சரி, படிச்ச திமிருன்னே வெச்சிக்கோங்க… கேக்குது, கேக்குது… இதுக்கு மேல சத்தமா பேச முடியாது. ஆளுங்க நிக்கறாங்க.

“ரகசியமா?… ரகசியம்னா நானும் ரேணுகாவும் காதோட காதா பேசிக்கிறது அத்தை. வெளிய தெரிஞ்சா வெக்கம், அவ்ளோதான். இது அது இல்ல. இதை மறைச்சி வெச்சிக்கினு இருக்கோம்… அம்மாதான். வாயத் திறந்தா நான் அவங்க வயித்துல பொறக்கலன்னாங்க.”

வாசலில் செருக வேண்டிய வேப்பிலையை அம்மா உள்ளே, தறிக்கு மேலே செருகியிருந்தாள். தெருவுக்குத் தெரிந்தால் பட்டு முதலாளி அந்த வீட்டுப் புடவையைத் தொட மாட்டார். வந்திருப்பதன் பெயரை வீட்டுக்குள்கூட யாரும் சொல்லவில்லை.

“அண்ணனா?… படுத்திருக்காரு… காய்ச்சல்… ஆமா, நெய்யும்போதே. முந்தானை முடிக்கறப்ப உக்காரவே முடியல. நம்ப வீட்டுக் கல்யாணம்னு விடாம நெய்தாரு… அத்தை, இழை அறுந்தா எச்சில் தொட்டுத்தானே முறுக்குவாரு?… அருவருப்புக்குச் சொல்லல… தெரியும், கூறையை நனைக்கக் கூடாது. நனைச்சாலும் போவாது. வெந்நீர்ல கொதிக்க வெக்கணும், வெச்சா பட்டு நிக்குமா?… உங்க அண்ணன் பையன்தான், நான் இல்லன்னல.

“பெட்டி எங்க இருக்குது?… பிரிச்சாச்சா?… எப்போ?… எல்லாருமா?… கன்னத்துல வெச்சிப் பாத்தாளா?… யாரு, பெரிய அக்காவா? தோள்ல போட்டுக்கினா?… அவங்களுக்கு எத்தனாவது மாசம்?”

கம்பியில் இரைச்சல் ஏறியது. நேரம் முடியப்போகிறது என்று கிளார்க் சைகை காட்டினார். பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

“ஹலோ… அத்தை… கேக்கலியா?… வெச்சிடாதீங்க. சண்டை இல்ல அத்தை, ஒரு சண்டையும் இல்ல. பொடவையைத் தொட்டவங்க யாரும் வீட்டை விட்டுப் போவக் கூடாது. கல்யாணத்தை நிறுத்துங்க… ஏனா?… சத்தமாவா?… அண்ணனுக்குப் பெரியம்மை போட்டிருக்குது.”