மைனரு நிக்கிற எடம்

குடையக் கீழ வைங்க மொதல்ல. குதிரை மேல குடைக்காம்பு பட்டுச்சோ, ஆவுடையார்கோயிலுக்கு நடந்துதான் போவீங்க, சொல்லிப்புட்டேன். நொண்டி இல்லைங்க, சண்டித்தனமும் இல்ல. இந்த ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தா எம் மைனரு நிப்பான், அம்புட்டுத்தான். செத்த பொறுங்க. அம்புட்டு அவசரம்னா அந்தக் கரி பஸ்ஸுக்கு நின்னிருக்கணும். சீமையில சண்டை ஆரம்பிச்சு, பெட்ரோலு இல்லாமக் கரியப் போட்டு ஓட்டுறதுலருந்து அது என்னைக்கு நேரத்துக்கு வந்துச்சு?

சிரிக்காதீங்கய்யா. போன மாசந்தான் ஊரே சிரிச்சு முடிச்சுச்சு.

வைகாசித் திருவிழாவுக்குக் குதிரைவண்டிப் பந்தயம் விட்டாங்க. ரயிலடியில கெளம்பி, கடைவீதி வழியா வந்து, இந்த வாசலத் தாண்டி, ஏரிக்கரை அரசமரத்துல முடியணும். மொதப் பரிசு சரிகை போட்ட பட்டு. வேற எதுவா இருந்தாலும் நான் போயிருக்கவே மாட்டேன். எம் மக செவந்தி, ஒம்பது வயசு, பட்டுப்பாவாடை கேட்டிருந்தா. தாரேன் ஆத்தான்னு நானும் சொல்லிப்புட்டேன். சவாரி ஓட்டுறவன் எந்தக் காலத்துல பட்டு எடுக்கிறது? செயிச்சாத்தான் உண்டு.

விடியக்காலையே மைனரக் கொளத்துல எறக்கித் தேச்சு, கொள்ளு வச்சு, நெத்தியில செவப்புக் குஞ்சம் கட்டுனேன். மாப்பிள்ளை தோத்தான் போங்க! மொத்தம் எட்டு வண்டி. கறம்பக்குடி ஆண்டியப்பன் குதிரையப் பாத்துத்தான் எல்லாருக்கும் பயம். வேட்டுப் போட்டதும் பறந்தாம் பாருங்க எம் மைனரு! சாட்டைய நான் தொடவே இல்ல. கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள கடைவீதி பின்னாடி போயிருச்சு. ஆண்டியப்பன் நாலு வண்டி தூரம் பின்னாடி. சனம் கத்துது, துண்ட வீசுது. நான் அழுதுகிட்டே ஓட்டுறேன். பட்டு வந்திருச்சு செவந்தி, வந்திருச்சுன்னு பைத்தியக்காரனாட்டம் கத்துறேன்.

இந்தா, இதே எடம். நின்னுட்டான்.

ஆமாங்க, நடுப் பந்தயத்துல. சாட்டையா? எடுத்தேன், ஓங்கவும் செஞ்சேன். திரும்பி ஒரு பார்வை பாத்தான், கை வரலைங்க. ஆண்டியப்பன் பல்லக் காட்டிக்கிட்டே தாண்டிப் போனான். கடைசி வண்டியும் போயிருச்சு. மைனருக்கு ஊசி போடணுமாம்டான்னு ஒருத்தன் கத்துறான், தெருவே சிரிக்குது.

ஏன் நின்னானா? பழக்கந்தாங்க. மூணு மாசம், தெனம் காலையில செவந்திய இங்கதான் கூட்டியாருவேன். நெஞ்சுல சீக்கு. பின்னாடி போயி அவளத் தூக்கி எறக்குவேன். ஊசி போட்டதும் திரும்பத் தூக்கி ஏத்துவேன். அவ ஏறினாத்தான் இவன் நகருவான். அவ கையால ஒரு துண்டு வெல்லம் வேற குடுத்துப் பழக்கி வச்சிருந்தா, கழுதை.

மாசிக் கடைசியில உள்ளேயே படுக்க வச்சுக்கிட்டாங்க. நாலே நாளு. அவ உள்ள போனத மைனரு பாத்தான். வெளிய வந்ததப் பாக்கல. சவாரி வண்டியில பொணத்த ஏத்துனா அப்புறம் ஒரு மனுசன் ஏறமாட்டான்னு எம் மச்சான் கண்ணுசாமி சொன்னான். நானும் மண்டைய ஆட்டிப்புட்டேன். பெத்த அப்பன், அந்த நேரத்துல பொழப்பப் பாத்தேங்க. பின்வாசல்ல மாட்டுவண்டிய நிறுத்தி எம் பிள்ளையக் கொண்டுபோயிட்டோம். இவன் பொழுது சாயுற வரைக்கும் முன்வாசல்லயே நின்னிருக்கான். அதுக்கப்புறம் பந்தயத்தன்னைக்கு வரைக்கும் இந்தத் தெருப் பக்கமே நான் வண்டிய விடல.

பட்டா? அடுத்த மாசம் ஆடி வருதுல்ல. கன்னியாப் போன பிள்ளைக்குப் புதுத்துணி வச்சுக் கும்பிடணும். அதுக்குத்தான் ஓடுனேன். இப்பச் சீட்டித்துணிதான் எடுத்து வச்சிருக்கேன். அவ ஒண்ணும் சொல்லமாட்டா.

அன்னைக்கு எப்படிக் கெளப்புனேனா? அம்புட்டுச் சனமும் பாக்க, நடுரோட்டுல இதத்தான் செஞ்சேன். எறங்குறேன், பாருங்க. நீங்க செத்த அங்கிட்டு நகந்து உக்காருங்கய்யா, அது அவ உக்கார்ற எடம்.

வா ஆத்தா. மெதுவா. தலை இடிக்காம.

ம், ஏறிட்டாடா மைனரு. போவோம்.