உறையாத பாலும் கவிழ்த்த பானையும்

மேடையை அணிசெய்யும் தலைவர் அவர்களே! மரக்காணத்து மண்ணில் வேர்வையை விதைத்து வெள்ளுப்பை விளைவிக்கும் பெரியோர்களே! வாடி வந்தவருக்கு மோர் கொடுத்து வாழ வைக்கும் தாய்மார்களே! கறவை மாடு மூன்றும் வாய்ப்பேச்சு முந்நூறும் உடைய சடையப்பன் உங்களை வணங்குகிறேன்.

சென்ற ஆண்டு, இரண்டாயிரத்து நான்கு ஆடியில், அம்மன் கோயில் கூழுக்கு மோர் இல்லாமல் போனதே, மறந்துவிட்டீர்களா? அதோ, கூட்டத்தில் முருகையன் எழுந்து என்ன சொல்கிறார்? "மறப்பமா? வெறுங்கூழ் தொண்டையில இன்னும் நிக்குது!" என்கிறார். எனக்கும்தான் ஐயா நிற்கிறது.

ஓர் அண்டா பால். உறை ஊற்றியவர் தையல்நாயகி அம்மாள். விடிந்து பார்த்தால் பால் பாலாகவே இருந்தது. ஊர் என்ன சொன்னது? "அவ கை ராசியில்லாத கை" என்றது! அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீடும் அவரை உறை ஊற்ற அழைக்கவில்லை.

கெடுத்தது எவர் கை? இந்தக் கை! என் மாடு வெள்ளச்சிக்கு மடிநோய். மிச்சம் வைத்திருந்த ஊசி மருந்தை நானே போட்டேன். மருந்து போட்ட மாட்டின் பாலைக் கறந்து கொட்டிவிட வேண்டுமென்று கால்நடை மருத்துவர் பிரியதர்ஷினி முன்பே சொல்லியிருந்தார். கொட்டினேனா? அம்மனுக்கு நேர்ந்துகொண்ட பாலைக் கொட்டலாமா என்று கோயில் அண்டாவுக்கே அனுப்பினேன்!

பிறகு மருத்துவர் சொன்னார்: "தயிராக்குற கிருமியையே அந்த மருந்து கொன்னுடுச்சுங்க. காய்ச்சினாலும் முழுசா போகாது. அரைகுறையா நம்ம வயித்துக்குப் போனா, கெட்ட கிருமி அதுக்குப் பழகிடும். நாளைக்கு உப்பளத்துல கால் அறுத்து சீழ் வெச்சு வர்றவங்களுக்கு ஊசி போட்டாலும் கேக்காது."

உப்பு நீரில் நிற்கும் கால் எவர் கால்? நம் கால்! மாட்டுக்குப் போட்ட மருந்து மனிதனின் மருந்தை மழுங்கடிக்கலாமா? முந்நூறு பேச்சுப் பேசும் இந்த வாய், ஓராண்டாக இந்த ஒன்றை மட்டும் பேசவில்லை. வெட்கப்படுகிறேன்.

இதோ ஒரு பானை! மறுபடியும் மடிநோய் கண்ட அதே வெள்ளச்சியின் பால். இம்முறை ஊசி போட்டவர் மருத்துவர். அவர் சொன்ன நாள்வரை பாலைக் கொட்டிவிட்டு, அதன்பின் கறந்தது. நேற்று மாலை உறை ஊற்றியவர் தையல்நாயகி அம்மாள். இதை என் தலைக்கு மேலே கவிழ்க்கப் போகிறேன்! தலைவர் நாற்காலியைத் தள்ளிப் போட வேண்டாம்! அம்மாள் என்னவோ சொல்கிறாரே? "மெதுவா கவுத்து, சடையப்பா! மாத்து வேட்டி இல்லாம வந்திருக்குற!" என்கிறார்.

கவிழ்த்துவிட்டேன். விழுந்ததா? ஒரு சொட்டு விழுந்ததா? பிறகென்ன, கைதட்டுங்கள்! அம்மா, மேடைக்கு வாருங்கள். இந்த ஆடிக் கூழுக்கு உறை ஊற்றப்போவது உங்கள் கைதான். கேட்டுப் பொறுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி. பானையை யாராவது வாங்கிக்கொண்டால், இரு கை கூப்பி வணங்குவேன்!