யார் அந்த வெளியார்?

இந்தச் சிறப்புக் கூட்டத்துக்குத் தலைமையேற்று, மின்விசிறிக்கு நேர் கீழே மிகுந்த பொறுமையோடு வீற்றிருக்கும் மரக்கடை முதலாளி அவர்களே! தீர்மானத்தையும் எழுதி, அறிவிப்புப் பலகைக்கு வர்ணமும் அடித்து ஆயத்தமாய் வைத்திருக்கும் நம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனையோடு அமர்ந்திருக்கும் என் அன்புத் தாய்மார்களே! வண்டியின் மீது ஒரு கண்ணும் என் மீது ஒரு கண்ணுமாகக் கதவோரம் நிற்கும் வாகன உரிமையாளர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான மாலை வணக்கம்.

எழுந்து நிற்பதற்குள் செயலாளர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டிவிட்டார். 'சுருக்கமாக' என்று எழுதியிருக்கிறது. ஐயா, காலமெல்லாம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்திவருகிறவள் நான். 'பிரேக்!' என்பதைவிடச் சுருக்கமாக இந்த உலகத்தில் யார் பேசிவிட முடியும்? ஆனால் இன்று அந்த ஒரு சொல் போதாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த அரங்கில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். கைதட்டாதீர்கள், நீங்கள் கற்றுக்கொண்ட லட்சணம் எனக்குத் தெரியும். வருகிற அத்தனை பேரும் முதல் நாளே கேட்பது, "மேடம், டாப் கியர் எப்ப போடலாம்?" என்பதுதான். ஒருவராவது, ஒரே ஒருவராவது, "மேடம், ஓட்டி முடிச்சு வண்டிய எங்க விடுறது?" என்று கேட்டதுண்டா? இன்றைக்குத் தெருவே கூடி அதைத்தான் கேட்கிறது.

நம் வீதியை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்! வாசலுக்கு வாசல் வாளி! வாளிக்கு வாளி வாக்குவாதம்! கால் உடைந்த நாற்காலி, காலியான பெயிண்ட் டப்பா, தேய்ந்துபோன டயர், தண்ணீரில்லாத டிரம், எல்லாம் இடம் பிடிப்பதற்காக நடுத்தெருவில் காவல் நிற்கின்றன. ஒரு வீட்டில் இஸ்திரி மேசையையே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். அந்த வீட்டம்மாவுக்குத் துணி தேய்க்க வேண்டுமென்றால் ரோட்டுக்குத்தான் வர வேண்டும். நான் யார் பெயரையும் சொல்லவில்லையே அம்மா, நீங்கள் ஏன் முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறீர்கள்?

நம் தெருவில் ஒரு கணக்காளர் இருக்கிறார். தங்கமான மனிதர். அவருக்கு நாம் சூட்டியிருக்கும் பட்டப்பெயர் நங்கூரம். அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் பேசுகிறேன், இதோ தலையாட்டுகிறார். ஆசை ஆசையாய்க் கார் வாங்கினார். வாங்கிய அன்றே வீட்டு வாசலில் இடம் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் அந்தக் காரை எடுக்கவே இல்லை! ஏன்? எடுத்தால் இடம் போய்விடுமே! மழையில் நனைந்துகொண்டு இவர் பஸ்ஸுக்கு நிற்கிறார். கார் உறை போர்த்திக்கொண்டு வாசலில் சொகுசாக நிற்கிறது. ஒருநாள் அவர் மனைவி, "ஏங்க, எங்க அக்கா வீட்டுக்காவது கார்ல போயிட்டு வரலாமா?" என்று கேட்டிருக்கிறார். "போறது பிரச்சினை இல்லம்மா, வர்றதுதான் பிரச்சினை. வந்து எங்க விடுறது?" என்றாராம் இவர். அந்த அம்மா ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அவரைப் பிடித்து ஆட்டும் அந்தப் பயம் நம்மில் யாரிடம் இல்லை? வேலை முடிந்து களைத்து வருகிறவருக்குச் சொந்த வாசலில் இடமில்லை. எங்கோ நிறுத்திவிட்டு, காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு, கண்ணாடி உடைந்திருக்குமோ கதவு கீறியிருக்குமோ என்று கவலைப்பட்டுக்கொண்டே நடக்கிறார். அவர் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

செயலாளர் கோபப்படுவதும் நியாயம்தான். ரயில் நிலையத்தில் வண்டி நிறுத்தக் கட்டணம் ஏறியதிலிருந்து, எங்கிருந்தோ வருகிறவர்கள் எல்லாம் நம் தெருவில் விட்டுவிட்டு ரயிலேறிப் போகிறார்கள். நானும் ஒருநாள் காலையில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சண்டைக்கே போனேன். என் வாசலில் ஸ்கூட்டரை விட வந்தது துணிக்கடையில் பில் போடும் ஒரு பெண். "அக்கா, ஸ்டேஷன்ல விட்டா சம்பளம் பூரா வண்டிக்கே போயிடும்க்கா. வண்டிக்கா நான் வேலை பாக்குறேன்?" என்றாள். கொண்டுபோன சண்டையை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

சரி, இப்போது பலகைக்கு வருகிறேன். அதோ மேடை ஓரத்தில் சுவரில் சாய்ந்து நிற்கிறது. 'வெளியார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை.' எழுத்து அழகாகத்தான் இருக்கிறது. இன்று நாம் கையைத் தூக்கிவிட்டால் நாளை அது தெருமுனையில் தொங்கும், குறுக்கே ஒரு சங்கிலியும் தொங்கும். நான் கேட்கிறேன், யார் அந்த வெளியார்? செயலாளர் ஐயாவின் அப்பாவுக்கு ஊசி போட வருகிற நர்ஸ் வெளியாரா? தண்ணீர்க் குழாய் உடைந்தால் நாம் கெஞ்சிக் கூத்தாடி அழைக்கிற பிளம்பர் வெளியாரா? கட்டிக்கொடுத்த நம் பிள்ளைகள், நாம் பெற்ற நம் பிள்ளைகள், நம்மைப் பார்க்க வந்தால் அவர்கள் வெளியாரா?

இந்தக் கடைசிக் கேள்வியை நான் சும்மா கேட்கவில்லை. மூன்றாம் வரிசையில், மடியில் ஒரு டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள், நம் மாடி வீட்டு அக்கா. முழங்கால் வலிக்காரர். நகரத்தின் அந்தக் கோடியில் வாழ்க்கைப்பட்ட ஒரே மகள் ஞாயிறுதோறும் அம்மாவைப் பார்க்கக் காரில் வருவாள். வருவாள், தெருவைச் சுற்றுவாள், மறுபடி சுற்றுவாள். வாளிகள் வழி விடுமா? டிரம்கள் எழுந்து நகருமா? கடைசியில் அக்கா படிக்கட்டில் ஒவ்வொரு படியாய்ப் பிடித்து இறங்கி ரோட்டுக்கு வருவார். ஓடுகிற எஞ்சினை அணைக்காமல், கார்க் கண்ணாடியை இறக்கி, தாயும் மகளும் பேசிக்கொள்வார்கள்.

"ஏன்டி இளைச்சிட்ட?"

"இல்லம்மா. கால் வலி எப்படி இருக்கு? மாத்திரை போடுறியா?"

"போடுறேன், போடுறேன். இந்தா, குட்டிக்குப் பலகாரம்."

அவ்வளவுதான். பின்னால் ஹாரன். "வரேம்மா, திட்டுறாங்க." கார் போய்விடும். அக்கா மறுபடி அத்தனை படியும் ஏறுவார். ஒரு வருடத்துக்கு மேலாக இதுதான் அவர்கள் சந்திப்பு. பின்னால் ஹாரன் அடித்தது யார் என்று நான் சொல்லப் போவதில்லை. நாம்தான்.

அதில் ஒருநாள் பின் இருக்கையிலிருந்து அந்தக் குழந்தை கேட்டது. அக்காவே அழுதுகொண்டு என்னிடம் சொன்னார். "அம்மா, பாட்டி ரோட்டுலதான் குடியிருக்காங்களா?" என்று கேட்டதாம். இதற்கும் சிலர் சிரித்தீர்கள், பாதியிலேயே நிறுத்திவிட்டீர்கள். எனக்கும் அப்படித்தான் ஆனது. அந்தக் குழந்தைக்குப் பாட்டியின் வீடு தெரியாது. பாட்டியின் கட்டில் தெரியாது, கண்ணாடி அலமாரி தெரியாது. தெரிந்ததெல்லாம் கார் ஜன்னலுக்குள் குனிந்து பார்க்கும் ஒரு முகம் மட்டும்தான்.

இந்தக் கதை போன ஞாயிற்றுக்கிழமை நங்கூரத்தின் காதில் விழுந்தது. அப்போதுதான் மகளின் கார் தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தது. மனிதர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "மேடம், என் வண்டிய எடுத்துடுறேன், அந்தப் பொண்ண இங்க வரச் சொல்லுங்க!" உறையை உருவினார், உள்ளே உட்கார்ந்தார், சாவியைத் திருகினார். வண்டி கிளம்பினால்தானே! மாதக்கணக்கில் அசையாத காரில் பேட்டரிக்கு எப்படி உயிர் இருக்கும்? இறங்கித் தள்ளினோம். இஸ்திரி மேசை வீட்டுக்காரர் தள்ளினார், நான் தள்ளினேன், பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூடத் தோளோடு தோள் நின்று தள்ளினார்கள். எங்கே கொண்டுபோய் விடுவது? இந்த அரங்குக்கு எதிரே இருக்கும் மரக்கடைக் காவலாளி எங்கள் கூத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்தார். உள்ளே தள்ளிவிட்டு மூச்சு வாங்க நிமிர்ந்து பார்க்கிறோம், ஞாயிற்றுக்கிழமை என்பதால் லாரி இல்லை, லோடு இல்லை, அவ்வளவு பெரிய முற்றம் வெறிச்சோடிக் கிடக்கிறது!

ஓடித் திரும்பி வந்தோம். வாசலில் இடம் இருந்தது. மகள் இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். போன் செய்தால், மேம்பாலம் ஏறிவிட்டேன், இனித் திரும்ப முடியாது என்கிறாள். அக்கா அந்தக் காலி இடத்தின் நடுவில் டப்பாவோடு நின்றுகொண்டிருந்தார். "பரவாயில்லம்மா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்," என்று எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு! நங்கூரம் அவர் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஆகவேதான் இந்த மேடையில், இத்தனை பேர் சாட்சியாக, தலைவர் அவர்களைக் கேட்கிறேன். ஐயா, ஞாயிற்றுக்கிழமை உங்கள் முற்றம் சும்மா கிடக்கிறது. மற்ற நாளிலும் லோடு இறங்காத பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது என்று உங்கள் காவலாளியே சொன்னார். அதைத் திறந்துவிடுங்கள்! இலவசம் கேட்கவில்லை. காவலாளிக்கும் ஒரு வருமானம் ஆகட்டும், துணிக்கடைப் பெண்ணின் சம்பளமும் மிஞ்சட்டும், அப்படி ஒரு சின்னக் கட்டணத்தை நீங்களே சொல்லுங்கள். தெரு காலியானால் வாளி எதற்கு? வாளி போனால் வம்பு எதற்கு? வம்பு போனால் இந்தப் பலகைதான் எதற்கு? தலைவர் சிரிக்கிறார். சிரிப்பு போதாது ஐயா, சாவி வேண்டும்.

இதோ, இன்னொரு துண்டுச் சீட்டு. 'முடித்துக்கொள்ளவும்' என்றுதான் இருக்கும். இல்லை, இது வேறு. படிக்கிறேன். 'அரங்க வாசலை அடைத்து நிற்கும் வெள்ளைக் கார் வெளியார் வண்டி. உடனே அப்புறப்படுத்தவும்.'

அக்கா, ஏன் எழுந்துவிட்டீர்கள்? "நான் மீட்டிங்ல இருக்கேன், அங்கயே வந்து முகத்தக் காட்டிட்டுப் போ" என்று மகளிடம் சொன்னீர்களாமே, அந்தக் கார்தானா? உட்காருங்கள் அக்கா. டப்பாவைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடாதீர்கள். இன்று நீங்கள் இறங்கிப் போகக் கூடாது. பயிற்சிக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். இப்போது அதை மிதிக்கிறேன். இந்த அறிவிப்பை நான் செய்ய மாட்டேன்! அந்தக் கார் போகாது! தலைவர் ஐயா, உங்களைத்தான் பார்க்கிறேன். ஊரே உங்களைத்தான் பார்க்கிறது.

எழுந்துவிட்டார்! இடுப்பிலிருந்து கொத்துச்சாவியை எடுத்துவிட்டார்! யாரிடம் கொடுக்கிறார் பாருங்கள், நங்கூரத்திடம்! ஓடுங்கள் சார், ஓடுங்கள், இந்தத் தடவை தாமதமாகிவிடக் கூடாது. இப்போது தட்டுங்கள் கையை! கொஞ்சம் இருங்கள், கைதட்டலை நிறுத்துங்கள், வெளியே ஒரு குரல் கேட்கிறதே. "வரட்டும், வரட்டும்... லெஃப்ட்ல ஒடிங்க... வரட்டும்... போதும்!" யார் குரல் அது? செயலாளர் நாற்காலி காலி! வெளியார் வண்டிக்குச் செயலாளரே முன்னால் நின்று வழி காட்டுகிறார். ஐயா, உங்கள் பலகைக்கு அடித்த வர்ணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பின்பக்கத்தில் 'வண்டி நிறுத்தம், மரக்கடை முற்றம்' என்று நீங்களே எழுதுங்கள், உங்கள் கையெழுத்து அழகு.

அதோ வாசலில் மகள். கையில் சாவி, இடுப்பில் குழந்தை. எஞ்சினை அணைத்துவிட்டு வந்திருக்கிறாள்! வாம்மா, உள்ளே வா. குட்டி, இங்கே பார். பாட்டி வீடு ரோட்டுல இல்ல கண்ணு. தெருவுல ஒரு பச்சைக் கதவு இருக்கு, அது வழியா படியேறிப் போனா மாடியில இருக்கு. பாட்டி கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ, அவங்களுக்குக் கால் வலி.

இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், சாவி தந்த தலைவருக்கும், வழி காட்டிய செயலாளருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மீதியை இனி அக்கா பேசட்டும், தன் வீட்டில், தன் மகளோடு, பின்னால் யாரும் ஹாரன் அடிக்காமல். வணக்கம்.