வேனில் ஏறிய இரண்டு தேசங்கள்

ரிங்லெட் ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டிலிருந்த சுற்றுலா வேன் டிரைவர், மனைவியிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

"இன்னிக்குத் தேயிலைத் தோட்டம் பார்க்க ரெண்டு வெள்ளைக்காரனுங்க. ஒருத்தன் மாசிடோனியா, ஒருத்தன் பல்கேரியா, பக்கத்துப் பக்கத்து நாடாம். வழிபூரா சண்டை லா."

"எதுக்காம்?"

"பல்கேரியாக்காரன், 'நீ பேசுறதே எங்க பாஷைதான்'னுட்டான். மத்தவனுக்கு மூஞ்சி செவந்துபோச்சு. 'எங்க பாஷை வேற, நாங்க வேற'ன்னு என்கிட்ட இங்கிலீஸ்ல நியாயம் கேட்டான். பாதியில ஒரு இங்கிலீஸ் வார்த்தை வரல."

"அப்புறம்?"

"தன் பாஷையிலயே பல்கேரியாக்காரன்கிட்ட கேட்டான். அவனும் உடனே எடுத்துக் கொடுத்தான்."

"அதோட சிரிச்சு ராசியாயிருப்பாங்களே?"

"எங்க! அந்த வார்த்தைய வெச்சே மாசிடோனியாக்காரன் அவனை மறுபடி திட்ட ஆரம்பிச்சான்."

"சரிதான், அண்ணன் தம்பியேதான்" என்றார் மனைவி.

"அத மட்டும் அவனுங்ககிட்ட சொல்லிடாத."