பழைய கிளப்பிலிருந்து ஓர் அழைப்பு

உப்பல் போகும் மெட்ரோவில், விளையாட்டுப் பைகளோடு ஓர் அக்காவும் தங்கையும் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கோல் கீப்பர். அவள் விட்டுவிட்டு வேறு டீமுக்குப் போன கால்பந்து கிளப் அவளைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறது என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

"என்னை ஆட வைக்கக் கூப்பிடலடி. ஆடவிடாம உக்கார வைக்கத்தான் கூப்பிடறாங்க."

"கைக்கு? ஏன் அப்படி நெனைக்கிற? உன்ன வளத்த கிளப்பு அக்கா அது."

"நான் விட்டு வந்ததுலேர்ந்து ஒரு போன் உண்டா? இப்ப லீக்ல முதல் மேட்ச்சே எங்க டீமோடன்னு தெரிஞ்சதும் பாசம் பொங்குது. அவங்ககிட்டதான் நல்ல கீப்பர் இருக்காளே, நான் எதுக்கு?"

"சும்மா சந்தேகப்படாதே. நேரா கேட்டுடு."

அக்கா அங்கேயே பழைய கிளப் கோச்சுக்கு போன் போட்டாள். முதல் மேட்ச்சில் தன்னை இறக்குவீர்களா என்று தெலுங்கில் கேட்டாள். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தாள்.

"என்ன சொன்னாரு?"

"நீ நம்ம வீட்டுப் பொண்ணு, முதல்ல வந்து சேரு, மத்தத அப்புறம் பாக்கலாம்ங்கறாரு."

தங்கையின் முகம் மாறிவிட்டது. "நக்கோ அக்கா. போகாதே."

"போகல. ஆனா அந்த கிரவுண்டுல திரும்ப ஆடணும்னு ரொம்ப ஆசையா இருந்துச்சுடி."

"மேட்ச் அங்கதானே? உன் டீம் கோல்ல போய் நில்லு. அவங்க அடிக்கிற பாலை எல்லாம் புடி."